ஐமவுத் பழைய படங்கள்: சனிக்கிழமை கூடுகிறோம்

அனைவருக்கும் வணக்கம். ஸ்காட்லாந்தின் கடலோர மீன்பிடி ஊரான நம் ஐமவுத்தையும் சுற்றுவட்டாரக் கடற்கரையையும் தாக்கிய 1881 அக்டோபர் 14 புயலில் 189 மீனவர்கள் இறந்தார்கள். அதில் 129 பேர் நம் ஐமவுத்காரர்கள். அந்தக் குடும்பங்களின் படமும் கடிதமும் யார் வீட்டுப் பரணில் இருந்தாலும், ஈரம் பட்டால் போய்விடும். அதனால் வரும் சனி காலை 10.30 மணிக்கு, வழக்கமான இடத்தில் கூடுகிறோம்.

1. படம், கடிதம், படகுக் கணக்கு எதுவானாலும் கொண்டுவாருங்கள். ஸ்கேன் செய்து அன்றே திருப்பித் தருவோம்.
2. பெயர்களைப் படத்தின் பின்புறம் பென்சிலால் மட்டும் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.
3. வீட்டுப் பெரியவர்களைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். படகுப் பெயர், பட்டப்பெயர் எல்லாம் அவர்கள் நினைவில்தான் இருக்கிறது. பேச்சைப் பதிவு செய்துகொள்வோம்.

வருகிறவர்கள் வியாழன் இரவுக்குள் பதில் போடுங்கள். அப்புறம், பெரியவர்களுக்கு வண்டி வேண்டுமென்றால் அதையும் சொல்லுங்கள்.