பருவ நிறைவுக் கடிதம்: கடற்கரையிலிருந்து வீட்டுக்கு வரும் பொருட்கள் குறித்து

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இப்பருவம் நல்லபடியாக நிறைவடைகிறது. தேர்வு முடிவுகள் மனநிறைவு அளிக்கின்றன. விளையாட்டு விழாவும் அறிவியல் கண்காட்சியும் குறைவின்றி நடந்தேறின. பேச்சுப் போட்டிகளில் நம் மாணவர்கள் பரிசுகள் பெற்றுள்ளனர். உழைத்த அனைவருக்கும் பாராட்டுகள். மதிப்பெண் அட்டைகள் வழக்கம்போல் வகுப்பாசிரியர்கள் வழியே வந்து சேரும்.

கடல் பாதுகாப்புத் தன்னார்வ மாணவர் அணியைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

இந்த அணி கடற்கரைக்குப் போவது குப்பை பொறுக்க மட்டுமன்று, பொறுக்கியதை எண்ணி எழுதவும்தான். பாட்டில் மூடி எத்தனை, உறிஞ்சுகுழல் எத்தனை, சிகரெட் துண்டு எத்தனை, அறுந்த வலைத்துண்டு எத்தனை என்று ஒவ்வொன்றையும் படிவத்தில் குறித்த பிறகே பையைக் கட்டுவார்கள். 1986ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் தன்னார்வலர்கள் தொடங்கிய பழக்கம் இது. இன்று செப்டம்பர் மாதத்து மூன்றாம் சனிக்கிழமையை ஒட்டிப் பல நாடுகளில் நடைபெறும் கடற்கரைத் தூய்மைப் பணியிலும் இதே முறைதான். அள்ளிய குப்பை அன்றோடு போய்விடும். எந்தப் பொருள், எந்த அளவில் கடலுக்கு வருகிறது என்பதைக் காட்டுவது அந்தக் கணக்குதான். நம் மாணவர்கள் அதை மிகுந்த அக்கறையோடு செய்கிறார்கள்.

சென்ற முறை ஒரு படிவத்தின் கடைசியில், அச்சிட்ட கட்டங்களுக்குக் கீழே, பென்சிலால் ஒரு வரி சேர்க்கப்பட்டிருந்தது: "கிளிஞ்சல், வீட்டுக்கு: 14." எழுதிய குழந்தையின் நேர்மையை நான் மெச்சுகிறேன். எண்ணச் சொன்னோம், எண்ணிவிட்டது. ஆனால் விசாரித்தபோது, அழைத்துச் செல்ல வந்த பெற்றோர்களில் பலர் குழந்தைகளோடு சேர்ந்து சங்கும் சோழியும் கிளிஞ்சலும் பொறுக்கிக்கொண்டிருந்ததும், சிலர் அதற்கென்றே வாளி கொண்டுவந்திருந்ததும் தெரியவந்தது. ஈரத்தில் கிடந்த நட்சத்திர மீன் ஒன்று நான்கைந்து கைகள் மாறிப் படத்துக்கு நின்றிருக்கிறது. இதில் யாருக்கும் தீய எண்ணம் இல்லை என்பதை நன்கு அறிவேன். கடற்கரைக்குப் போன நினைவாக ஒரு சங்கு வைத்துக்கொள்வது நாம் எல்லோரும் செய்து வளர்ந்ததுதான். என் மேசை இழுப்பறையிலும் பல வருடங்களாக ஒன்று கிடக்கிறது.

இருந்தாலும், அந்தத் திங்கட்கிழமை நடந்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க இயலவில்லை. ஒரு மாணவரின் ஜாமெட்ரி பெட்டியிலிருந்து துர்நாற்றம் வருவதாக வகுப்பில் புகார் எழுந்தது. திறந்து பார்த்தால், காம்பஸுக்கும் கோணமானிக்கும் நடுவே கட்டைவிரல் அளவுச் சங்கு ஒன்று. அதன் வாயில் பாதி வெளியே வந்த நிலையில் செத்துப்போன துறவி நண்டு. எடுத்தபோது சங்கு காலியாகத்தான் இருந்தது என்று அந்த மாணவர் சொன்னதை நம்புகிறேன். ஆபத்தை உணர்ந்தால் அந்த நண்டு உள்ளே சுருண்டு, கொடுக்கால் வாயை அடைத்துக்கொள்ளும். பார்ப்பவருக்கு வெறும் சங்காகவே தெரியும். அதற்கு வயிற்றுப் பகுதி மெத்தென்றிருப்பதால் பிற உயிர்கள் விட்டுச்சென்ற ஓடுதான் அதன் வீடு, உடல் வளர வளரப் பெரிய ஓடு வேண்டும். நல்ல ஓடு ஒன்று கரையில் ஒதுங்கினால், நண்டுகள் அளவு வாரியாக வரிசையில் நின்று, முதலாவது மாறியதும் அடுத்தது அதன் பழைய ஓட்டுக்குள் புகும். ஓடு கிடைக்காத இடங்களில் அவை பாட்டில் மூடிக்குள் குடியிருப்பதையும் பார்த்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் மூடிகளைப் பொறுக்கி எண்ண, நாம் சங்குகளை வாளியில் அள்ளியிருக்கிறோம்.

"ஒரு கிளிஞ்சலால் என்ன குறைந்துவிடப் போகிறது?" என்று ஒரு தந்தை கேட்டார். நியாயமான கேள்வி. ஸ்பெயினின் மத்தியதரைக் கடற்கரை ஒன்றில் 1978 முதல் 1981 வரையும், பின்னர் 2008 முதல் 2010 வரையும் கரையில் கிடந்த ஓடுகளை மாதந்தோறும் எண்ணினார்கள். இடைப்பட்ட காலத்தில் சுற்றுலாப் பயணிகள் ஏறத்தாழ மூன்று மடங்கானார்கள். ஓடுகளோ பாதிக்கும் கீழே குறைந்துவிட்டன. பொறுக்கிச் செல்வது மட்டுமே காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை, இயந்திரங்களால் கரையைச் சுத்தம் செய்வதையும் சேர்த்தே சொல்கிறார்கள். ஆனால் போனவர்கள் எல்லோரும் "ஒன்றே ஒன்று" என்றுதான் எடுத்திருப்பார்கள். நண்டுகள் ஒருபுறமிருக்க, பாசிகள் பற்றி வளர்வதும், உப்புக்கொத்தி இனப் பறவைகள் சில தம் கூட்டுக் குழியில் பரப்புவதும், உடைந்து தேய்ந்து மீண்டும் மணலாவதும் இந்த ஓடுகள்தான்.

ஆகவே தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். அணியின் கடற்கரை நாட்களில், குப்பையைத் தவிர வேறு எதையும் மாணவரோ உடன் வரும் பெரியவரோ கரையிலிருந்து எடுத்துச் செல்லக் கூடாது. உயிருள்ள எதையும் கையில் தூக்கக் கூடாது. நட்சத்திர மீன் நீரிலிருந்துதான் ஆக்சிஜனை எடுக்கிறது, படம் எடுக்கும் நேரம் நமக்குச் சிறிதாக இருக்கலாம், அதற்கு அப்படியில்லை. புறப்படுமுன் பைகளையும் வாளிகளையும் பொறுப்பாசிரியர் பார்ப்பார். காட்ட மறுக்கும் குடும்பத்தின் பிள்ளை அடுத்த முறை அணியோடு வர இயலாது. பிள்ளைகளுக்கு ஒரு விதியும் பெரியவர்களுக்கு ஒரு விதியும் வைத்து இந்தப் பாடத்தை என்னால் நடத்த முடியாது.

ஏற்கெனவே எடுத்து வந்தவற்றைப் பற்றி யாரும் சங்கடப்பட வேண்டியதில்லை. அலுவலக வாசலில் ஒரு மரப்பெட்டி வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமைக்குள் அதில் போட்டுவிடலாம், பெயர் எழுத வேண்டாம். வார்னிஷ் பூசியவை, சாயம் ஏற்றியவை, கடையில் வாங்கியவை வேண்டாம், அவை கரைக்குத் திரும்பத் தக்கவை அல்ல. மற்றவற்றை அணியினர் எண்ணிப் படிவத்தில் குறித்து, எடுத்த இடத்திலேயே விட்டுவருவார்கள். முதல் சங்கை நானே போட்டிருக்கிறேன்.

விடிவதற்குள் பிள்ளைகளை எழுப்பி, தொப்பியும் தண்ணீரும் கையுறையும் கொடுத்து அனுப்புகிறவர்கள் நீங்கள். மணல் ஒட்டிய சீருடையைத் துவைப்பதும், வெயிலில் நின்று பை பிடிப்பதும் நீங்களே. நீங்கள் இல்லாமல் இந்த அணி ஒரு நாளும் கரைக்குப் போயிருக்காது. அதற்கு என் உளமார்ந்த நன்றி. அடுத்த கடற்கரை நாளின் தேதி விடுமுறைக்குப் பிறகு அறிவிக்கப்படும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்