மூன்று வீட்டுக் கிணறு: அயோவாவிலிருந்து அப்பாவுக்கு

ஏம்ஸ், அயோவா
தை மாதம், கடைசி வாரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கே நீங்கள், அம்மா, ஆயா, தம்பி எல்லோரும் நலம்தானே. போனில் பாதி நேரம் "சாப்பிட்டாயா" என்பதிலேயே போய்விடுகிறது. மீதி நேரத்துக்கு அம்மா உங்கள் கையிலிருந்து போனை வாங்கிக்கொள்கிறாள். அதனால் எழுதுகிறேன். "மகள் அங்கே என்னதான் படிக்கிறாள் என்று டீக்கடையில் கேட்கிறார்கள், நான் என்னவென்று சொல்ல?" என்று போன வாரம் கேட்டீர்களே, அதற்குப் போனில் பதில் சொல்ல வராது.

இன்று காலை மைனஸ் 20 டிகிரி. பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது மூக்குக்குள் ஈரம் உறைந்து குத்துகிறது. அமெரிக்காவிலேயே அதிகமாக மக்காச்சோளம் விளைகிற மாநிலம் இது. அதில் பெரும்பகுதி மாட்டுக்கும் பன்றிக்கும் தீவனமாகவும் காருக்கு எத்தனாலாகவும் போகிறது. மைலுக்கு ஒரு சாலை என்று நிலத்தைச் சதுரம் சதுரமாக அறுத்து வைத்திருக்கிறார்கள். கண்ணுக்கு எட்டியவரை வரப்பு என்று ஒன்று இல்லை. பெரியப்பா இங்கே வந்தால் யாரோடு சண்டை போடுவார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அம்மா கொடுத்தனுப்பிய கேழ்வரகு மாவு தீர்ந்துவிட்டது. கடையில் கிடைக்கிற மாவில் களி கிண்டினால் கோந்து மாதிரி வருகிறது.

சரி, படிப்புக்கு வருகிறேன். தம்பியின் வேதியியல் புத்தகத்தில் தனிம அட்டவணை இருக்கும். அதில் 40ஆவது சிர்கோனியம், 41 நியோபியம், 42 மாலிப்டினம். நியோபியத்துக்கு நேர் கீழே 73, டான்டலம். இந்த உலோகங்களின் அணுக்கள் ஆறு ஆறாகச் சேர்ந்து, சுற்றிலும் குளோரினையோ அயோடினையோ போர்த்திக்கொண்டு நிற்கிற சேர்மங்கள் உண்டு. (குளோரின் வேறு யாருமில்லை, தருமபுரிப் பக்கத்துத் தண்ணீரில் இருந்து பல்லைக் காவியாக்குகிறதே ஃபுளோரைடு, அதற்குப் பங்காளி.) இப்படி அணுக்கள் ஒன்றையொன்று நேரடியாகப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு 'உலோக அணுக் கொத்து' என்ற பெயரை 1960களில் வழக்கில் கொண்டுவந்தவர் காட்டன் என்ற அமெரிக்க வேதியியலாளர். கொள்ளிடத்தில் அணை கட்டிய காட்டன் வேறு.

அந்த ஆறு அணுக்கள் எப்படி நிற்கும்? நான்கைச் சதுரமாக வைத்து, அதன் நடுவுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. தம்பியிடம் சொல்லி ஆறு களிமண் உருண்டையும் 12 விளக்குமாற்றுக் குச்சியும் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். ஆயாவின் புதுத் துடைப்பத்தில் கை வைக்க வேண்டாம். செய்து முடித்து எண்ணினால் விளிம்பு 12, முக்கோண முகம் 8. அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள எலக்ட்ரான் வேண்டும் (அணுவின் வெளிப்புறத்தில் இருப்பவை மட்டும்தான் இந்தக் கணக்கில் வரும்), அதுவும் இரண்டிரண்டாக. ஓர் அணுவை ஒரு வீடு, ஒரு விளிம்பை ஒரு வரப்பு, ஒரு ஜோடியை ஒரு கிணறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாலிப்டினம் வசதியான குடும்பம். அணுவுக்கு ஆறு எலக்ட்ரான் வீதம் ஆறு அணுவுக்கு 36. உடன் இருக்கும் 12 குளோரின் தலைக்கு ஒன்று வாங்கிக்கொண்டது போக மிச்சம் 24, அதாவது 12 ஜோடி. வரப்பும் 12. ஒவ்வொரு வரப்பிலும் ஒரு கிணறு வெட்டி, இரண்டிரண்டு வீட்டாராக இறைத்துக்கொள்கிறார்கள். நியோபியத்துக்கு அவ்வளவு இல்லை: அணுவுக்கு ஐந்துதான். 30இல் 14 குளோரினுக்குக் கொடுத்தது போக 16, எட்டே ஜோடி. 12 வரப்புக்கு எட்டுக் கிணறு போதாதே! அதனால் கிணறு வரப்பை விட்டு முக்கோணத்தின் நடுவுக்குப் போய்விடுகிறது, மூன்று வீட்டுக்கு ஒன்றாக. முக்கோணமும் சரியாக எட்டு. நம் கொல்லை, பெரியப்பா கொல்லை, சித்தப்பா கொல்லை மூன்றும் முட்டுகிற மூலையில் தாத்தா கிணறு வெட்டினாரே, அதே கணக்கு. இதில் எனக்குப் பிடித்தது குளோரின் உட்காருகிற இடம். மாலிப்டினத்தில் எட்டு குளோரின் எட்டு முகங்களின் மேல் உட்காரும், வரப்புகளைக் கிணற்றுக்கு விட்டுவிட்டு. நியோபியத்தில் 12 குளோரின் 12 வரப்புகளில் உட்காரும், முகங்களைக் கிணற்றுக்கு விட்டுவிட்டு. மிச்சமுள்ளவை வெளிமுனைகளில் ஒட்டிக்கொள்ளும். முறை மாறாமல் இடம் பிரித்துக்கொள்வதில் இவை நம் ஆட்களைவிட மேல்.

டான்டலத்திலும் நியோபியம் போன்ற கொத்துதான். அதைத் தண்ணீரில் கரைத்தால் மரகதப் பச்சை. முதல் முறை பார்த்தபோது நாற்றங்கால் ஞாபகம் வந்தது. 1950இல் லைனஸ் பாலிங் என்ற அமெரிக்க வேதியியலாளரும் உடன் இருந்தவர்களும் இந்த வகைக் கரைசலுக்குள்ளேயே எக்ஸ் கதிரைச் செலுத்தி, உள்ளே ஆறு உலோக அணுக்கள் சேர்ந்து நிற்பதைக் கண்டுபிடித்தார்கள்.

என் வேலை சிர்கோனியத்தில். அது ஏழை வீடு. அணுவுக்கு நான்கு வீதம் 24. 14 குளோரினுக்குக் கொடுத்துவிட்டால் கையில் 10. அதை வைத்துக்கொண்டு கொத்து நிற்காது. ஆனால் நிற்கிற கொத்துகள் கிடைத்தன. எப்படி என்பதுதான் கதை. இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஜான் கார்பெட் என்று ஒருவர் இருந்தார், 2013இல் காலமானார். காலியான கொத்து என்று முதலில் நினைத்த சிலவற்றின் நடுவில் கார்பன் போன்ற ஓர் அணு உட்கார்ந்திருப்பதை 1980களில் அவர் குழு கண்டுகொண்டது. யாரும் போடாமல் அசுத்தமாக உள்ளே வந்தது அது! பெங்களூரா மாம்பழத்தை அறுத்தால் சில சமயம் கொட்டைக்குள் வண்டு இருக்குமே, பழத்தின் மேல் ஒரு துளைகூட இல்லாமல்? பிஞ்சாக இருக்கும்போதே புழு உள்ளே போய், வழி மூடிவிடும் என்று நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். ஒரே ஒரு வித்தியாசம், இந்த வண்டை எடுத்துவிட்டால் பழமே இருக்காது. கார்பன் தன் நான்கு எலக்ட்ரானையும் பொதுவில் போட்டுக் கணக்கை 14 ஆக்குகிறது. தானும் ஆறு சிர்கோனியத்தையும் கட்டிப் பிடித்துக்கொள்கிறது. பிறகு வேண்டுமென்றே போரான், நைட்ரஜன், இரும்பு என்று ஒவ்வொன்றாக உள்ளே வைத்துப் பார்த்தார்கள். பல நின்றன. எக்ஸ் கதிரில் இதைக் கண்டுபிடிப்பது சுலபமில்லை. எக்ஸ் கதிருக்குத் தெரிவது எலக்ட்ரான்தான்; உள்ளே இருப்பவற்றையும் சேர்த்து எண்ணினால் சிர்கோனியத்தில் 40, கார்பனில் ஆறு. ஆறு எருமைகளுக்கு நடுவே நிற்கிற கோழிக்குஞ்சு மாதிரி.

செய்முறை சமையல்தான். விரல் நீளத்துக்கு டான்டலக் குழாய், ஒரு முனை பற்றவைத்தது. சிர்கோனியம் குளோரைடு ஈரக்காற்றில் பட்டால் புகைந்து கெட்டுவிடும், அதனால் காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் ரப்பர் கையுறையில் கை விட்டு எல்லாவற்றையும் நிறுத்துப் போட வேண்டும். மறுமுனையையும் பற்றவைத்து, குழாயைக் குவார்ட்ஸ் குழாய்க்குள் வைத்து, காற்றை உறிஞ்சி மூடி, 850 டிகிரியில் மூன்று வாரம். ஐப்பசியில் நான் வைத்த பற்று ஊசிமுனை அளவு விட்டிருந்தது. மூன்று வாரம் கழித்துத் திறந்தால் குவார்ட்ஸின் உட்புறம் முழுக்க வெள்ளைப் படிவு, உள்ளே சாம்பல்நிறத் தூள். என் கைத்தவறுதான். அன்று உங்களுக்குப் போன் செய்து "சும்மாதான்" என்றேன், நினைவிருக்கிறதா? மார்கழியில் வைத்த குழாய் ஏமாற்றவில்லை. வெட்டித் தட்டியபோது கடுகில் கால்வாசி அளவில் கறுப்புப் படிகங்கள் விழுந்தன. விளக்கில் பிடித்தால் ஓரத்தில் மாதுளைச் சிவப்பு. இன்னும் அளந்து முடிக்கவில்லை.

இதனால் என்ன வருமானம் என்று சித்தப்பா கேட்பார். மாலிப்டினக் கொத்தோடு கந்தகமும் ஈயமும் சேர்ந்த ஒரு சேர்மம், மைனஸ் 258 டிகிரிக்குக் கீழே மின்சாரத்தை எந்தத் தடையும் இல்லாமல் கடத்தும். புரதத்தின் அமைப்பைப் பார்க்கிறவர்கள் டான்டலப் புரோமின் கொத்தைப் புரதப் படிகத்துக்குள் அடையாளக் கல்லாகப் பயன்படுத்துகிறார்கள். சிர்கோனியத்தில் நான் செய்வதற்கு இப்போதைக்கு ஒரு ரூபாயும் வராது என்று சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

மாமரம் பூத்துவிட்டதா? தத்துப்பூச்சிக்கு மருந்து அடிக்கும்போது தயவுசெய்து முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள். கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்ட நம் மூன்றில் ஒரு பங்கைத் தம்பி கணக்கில் போட்டிருக்கிறேன். பெரியப்பா இந்த முறையும் தன் பங்கைத் தை அறுவடைக்குப் பிறகு என்று சொன்னால், தை முடியப்போகிறது என்று ஆயாவை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்