வாரச் செய்தியில் பக்க எண் மட்டும் போதாது

ஐயா,

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் வாரக் கடைசியில் வரும் செய்தி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது: ‘கணக்கு: பயிற்சி 1.2 முடிந்தது. அறிவியல்: மூன்றாம் பாடம் கேள்வி பதில் படிக்கவும்.’ இதை வைத்துக்கொண்டு பெற்றோர் “படிச்சிட்டியா?” என்று கேட்கலாம், அவ்வளவுதான். பிள்ளைகள் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்பது வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்குத் தெரியும். செய்தியில் வர வேண்டியது அதுதான்.

ஏழாம் வகுப்பில் முழுக்கள் நடக்கும் வாரத்தை எடுத்துக்கொள்வோம். −7 − 3 என்று கொடுத்தால் பல பிள்ளைகள் +10 என்று எழுதுவார்கள். பெருக்கலுக்குச் சொன்ன ‘மைனஸும் மைனஸும் பிளஸ்’ என்பதைக் கூட்டல் கழித்தலிலும் போட்டுவிடுவதால் வரும் பிழை இது. வீட்டில் அண்ணனோ அக்காவோ அதே வாய்ப்பாட்டைச் சொல்லிக் கொடுத்தால் பிழை இன்னும் இறுகிவிடும். ‘7 ரூபாய் கடன் இருக்கிறது, இன்னும் 3 ரூபாய் கடன் வாங்கினால் எவ்வளவு? அதே 7 ரூபாய்க் கடனில் 3 ரூபாயைத் தள்ளுபடி செய்தால்?’ என்று கேட்கச் சொல்லுங்கள். −7 − 3 = −10, −7 − (−3) = −4 இரண்டும் தானாக வரும்.

தசம எண்களுக்கு ரூபாய்க் கணக்கு ஒத்துவராது. 12.5 ரூபாயைப் பன்னிரண்டு ரூபாய் ஐந்து காசு என்று பிள்ளை படிக்கும். 0.35 என்பது 0.5 ஐ விடப் பெரிது என்று நினைப்பதும் இதே குழப்பம்தான். 35, 5 என்று முழு எண்களாகவே பார்க்கிறார்கள். ‘புள்ளி முப்பத்தைந்து’ என்று படிக்காமல் ‘புள்ளி மூன்று ஐந்து’ என்று படிக்கவேண்டும். கிலோவில் கேட்டால் 350 கிராம், 500 கிராம் என்று உடனே விளங்கும்.

எட்டாம் வகுப்பு அமிலம், காரம் பாடத்துக்கு அடுப்படியே போதும். ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளைச் சில சொட்டுத் தண்ணீரில் குழைத்து, வெள்ளைத் தாளில் தடவி, நிழலில் காயவைக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் (காரம்) பட்டால் சிவக்கும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு (அமிலம்) விட்டால் மறுபடி மஞ்சளாகும். ஆனால் நிறம் மாறவில்லை என்றால் அது அமிலம் என்று பிள்ளைகள் எழுதிவிடுகிறார்கள். வெறும் தண்ணீரிலும் மஞ்சள் மாறாது. இதைச் செய்தியில் ஒரு வரி கட்டாயம் சொல்ல வேண்டும். கூடவே ஐந்தாறு செம்பருத்திப் பூவின் இதழ்களைச் சுடுதண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்த சாற்றிலும் பார்க்கட்டும். எலுமிச்சைக்கு அடர் இளஞ்சிவப்பும், சோப்புக்குப் பச்சையும் காட்டும்.

இவ்வளவையும் ஒரே வாரத்தில் அனுப்பத் தேவையில்லை. கணக்கில் ஒரு கருத்து, அறிவியலில் ஒன்று. ஒவ்வொன்றிலும் எங்கே பிழை வரும், வீட்டில் என்ன கேட்கலாம், ஆக ஐந்தாறு வரி. ஆங்கில வழிப் பிரிவாக இருந்தாலும் தமிழில் எழுதுங்கள். பிள்ளைகளின் பெயரோ மதிப்பெண்ணோ அதில் வரவே கூடாது. வந்த மறுநிமிடமே குழு ஒப்பிடும் களமாகிவிடும். போன் இல்லாத வீடுகளுக்காக வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் இதே வரிகளைக் கரும்பலகையில் எழுதி, கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எல்லோரையும் எழுதிக்கொள்ளச் சொல்லலாம். கல்வித்துறைக்கு ஒரு வேண்டுகோள்: இதைத் தயவுசெய்து இன்னொரு பதிவேடாக்கி விடாதீர்கள்.

இப்படிக்கு,
கணித பட்டதாரி ஆசிரியர்,
விருதுநகர் மாவட்டம்.