வாசலில் நின்றவர்களுக்கும் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் பிரியமான சகோதர சகோதரிகளுக்கு, ஸ்தோத்திரம்.

சுவிசேஷ சபை ஒன்றின் ஞாயிறு ஆராதனைக்கு முதன்முறையாக வருகிறவர்களை அழைத்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, திரும்ப அழைத்துப் போகிறவர்கள் நாங்கள். வேறு மதத்தில் பிறந்தவர்கள் வருகிறார்கள், கத்தோலிக்க ஆலயத்தில் வளர்ந்தவர்கள் வருகிறார்கள், எந்த நம்பிக்கையும் இல்லாமல் நண்பருக்காக மட்டும் வருகிறவர்களும் உண்டு. சபையிலேயே வளர்ந்தவர்கள் கண்ணில் படாத எத்தனையோ சின்ன விஷயங்கள் இவர்களைத் தடுமாற வைக்கும். உங்களில் பலர் மேடை ஏறாமலே வாரந்தோறும் அந்தத் தடுமாற்றத்தைக் குறைக்கிறீர்கள். "எல்லாருக்கும் நன்றி" என்று பொதுவாகச் சொல்லி முடித்தால் நீங்கள் செய்தது என்ன என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். அதனால் வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறோம்.

முதல் நன்றி, சனிக்கிழமை சபையின் தொலைபேசியை எடுப்பவருக்கு. பலகையில் 9.30 என்று இருக்கும். அது ஆயத்த ஜெபத்தின் நேரம், ஆராதனை 10 மணிக்குத்தான். இதை நீங்கள் சொல்லாவிட்டால் புதியவர் பாதி காலியான அறையில் அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்திருப்பார். எப்போது முடியும் என்பதையும் கேட்காமலே சொல்கிறீர்கள்: ஒன்றரை மணி நேரமா, இரண்டா, திருவிருந்து (அப்பமும் திராட்சை ரசமும் பகிர்ந்துகொள்வது) உள்ள ஞாயிறு என்றால் இன்னும் இருபது நிமிடம் கூடுமா என்று. எழுந்து நின்று அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொல்வார்களோ என்பதுதான் வருகிறவர்களின் பெரிய பயம். "சொல்ல மாட்டோம், நீங்கள் உட்கார்ந்து கவனித்தால் போதும்" என்ற உங்கள் ஒரு வரியால் வரத் துணிந்தவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து, வாசலில் நிற்கிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும். கைகொடுப்பது எளிது, எங்கே உட்கார வைப்பது என்பதில்தான் அனுபவம் தெரியும். மரியாதை என்று நினைத்து முதல் வரிசைக்குக் கொண்டுபோனால் புதியவர் மாட்டிக்கொள்வார். எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று பார்த்துத் தெரிந்துகொள்ள அவருக்கு முன்னால் ஆளே இருக்காது. நீங்கள் நடுவிலிருந்து பின்பக்கமாக, நடைபாதை ஓரத்தில் இடம் தருகிறீர்கள். முன்னால் ஐந்தாறு வரிசை தெரியும், தேவைப்பட்டால் யாரையும் தொந்தரவு செய்யாமல் வெளியே போகவும் முடியும். கடைசி இரண்டு வரிசைகளைத் தாமதமாக வருகிறவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் பிடித்துவைக்கிறீர்கள். ஜெபம் நடக்கும்போது யாராவது வந்தால் கதவருகே நிறுத்தி, "ஆமென்" சொன்ன பிறகு உள்ளே விடுகிறீர்கள். கழிவறை எந்தப் பக்கம் என்று அவர் கேட்கும் முன்பே காட்டிவிடுகிறீர்கள். பொன்மோதிரம் போட்டவருக்கு நல்ல இடம், கந்தை உடுத்தியவருக்குக் காலடி என்று பிரிக்காதீர்கள் என வேதாகமத்தில் யாக்கோபு நிருபத்தின் (கடிதத்தின்) 2-ம் அதிகாரம் எச்சரிக்கிறது. வாசல் ஊழியம் எவ்வளவு பழைய விஷயம் என்பதற்கு அதுவே சாட்சி.

பாடல் நேரம் பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது நிமிடம். அதுவரை எல்லாரும் நின்றுகொண்டிருப்பார்கள். "கால் வலித்தால் உட்கார்ந்துகொள்ளுங்கள், கை தட்டுவதும் கை உயர்த்துவதும் அவரவர் விருப்பம்" என்று பாட்டு ஆரம்பிக்கும் முன்பே சொல்கிற ஆராதனை நடத்துநர்களுக்கு நன்றி. திரையில் வரிகளைப் போடுகிற பிள்ளைகளுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அந்தப் பாட்டை அறியாதவருக்கு உங்கள் விரல்தான் வழிகாட்டி. வரி முடிந்த பிறகு மாற்றினால் அடுத்த வரியின் முதல் சொல்லை அவர் தவறவிடுவார். முந்தைய வரியின் கடைசிச் சொற்கள் பாடப்படும்போதே மாற்ற வேண்டும். பல்லவியை எத்தனை முறை திரும்பப் பாடுவார்கள் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்காது. நடத்துநரின் முகத்தைப் பார்த்துத்தான் பிடிக்க முடியும். ஒரு திரைக்கு நான்கு வரிக்கு மேல் அடைக்காமல், கருத்த பின்னணியில் வெள்ளை எழுத்தாக, கடைசி வரிசைக்கும் தெரியும் அளவில் வைக்கிறீர்கள்.

ஒலிப்பெட்டி முன்னால் உட்கார்ந்து, அளவை அடக்கி வைக்கிற தம்பிக்கும் ஒரு வார்த்தை. 85 டெசிபெல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம், 94 டெசிபெல் என்றால் 1 மணி நேரம்தான் என்பது வேலையிடச் செவிப் பாதுகாப்பில் சொல்லப்படும் அளவு. ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகக் குறையும். ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே முதியவர்களையும் குழந்தைகளையும் உட்கார விடாமல் பார்த்துக்கொள்கிறீர்களே, அது பெரிய உதவி.

சில சபைகளில் எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிப்பார்கள். சிலர் அந்நியபாஷையில், அதாவது கேட்கிறவருக்குப் புரியாத மொழியில், பேசுவார்கள். எல்லா சுவிசேஷ சபைகளிலும் இது கிடையாது. பெந்தெகொஸ்தே வழிவந்த சபைகளிலும் அதைத் தழுவியவற்றிலும்தான் பார்க்கலாம். முன்னறிவிப்பு இல்லாமல் கேட்கிறவர் பயந்துபோவதில் ஆச்சரியமில்லை. வெளியாள் உள்ளே வந்தால் உங்களைப் பைத்தியம் பிடித்தவர்கள் என்பாரே என்று அப்போஸ்தலனாகிய பவுலே 1 கொரிந்தியர் 14-ல் கவலைப்படுகிறார். "ஐந்து நிமிடத்தில் அமைதியாகிவிடும், நீங்கள் சும்மா இருந்தால் போதும்" என்று காதருகே சொன்ன அம்மாக்களுக்கு நன்றி. அந்த ஒரு வாக்கியத்தில் எழுந்து போக இருந்தவர் மறுபடி உட்கார்ந்துவிடுவார்.

இனி வேதாகமம். பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் உதவி எங்களுக்கு மிக அதிகமாகக் கிடைத்தது இங்கேதான். போதகர் வசனத்தைச் சொல்லி மூன்று எண்ணுவதற்குள் சபை பக்கத்தைத் திறந்துவிடும்; புதியவர் பொருளடக்கத்தில் தேடிக்கொண்டிருப்பார். நடுவில் திறந்தால் சங்கீதம் வரும், கடைசிக் கால்பகுதியில் புதிய ஏற்பாடு ஆரம்பிக்கும் என்று ஒரு முறை காட்டிக்கொடுத்தால் அவர் பாதி தூரம் வந்துவிடுவார். "யோவான் 3:16" வேறு, "1 யோவான் 3:16" வேறு. முதலாவது சுவிசேஷம், இரண்டாவது கடைசிப் பக்கங்களில் இருக்கும் நிருபம். எண்ணோடு தொடங்கும் புத்தகம் எதுவானாலும் இந்தக் குழப்பம் வரும். "யூதா 3" என்றால் மூன்றாம் அதிகாரம் அல்ல. அந்தப் புத்தகத்துக்கு ஒரே அதிகாரம்தான், 3 என்பது வசனம். ஒபதியா, பிலேமோன், 2 யோவான், 3 யோவான் ஆகியவையும் அப்படியே. வசன எண்கள் மூலநூலில் இருந்தவை அல்ல என்று சொன்னால் புதியவருக்குத் தயக்கம் தீரும். புதிய ஏற்பாட்டுக்கு இன்று நாம் பயன்படுத்தும் வசன எண்களை 1551-ல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர்தான் போட்டார், தேடி எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று.

கத்தோலிக்கப் பின்னணியிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல், பெயர்களே மாறிவிடும். அவர்கள் கையில் உள்ள விவிலியத்தில் தொடக்கநூல் என்று இருப்பது இங்கே ஆதியாகமம். விடுதலைப் பயணம் இங்கே யாத்திராகமம். திருப்பாடல்கள் இங்கே சங்கீதம். திருத்தூதர் பணிகள் இங்கே அப்போஸ்தலருடைய நடபடிகள். அங்கே 73 புத்தகங்கள், இங்கே 66. தோபித்து, மக்கபேயர் போன்றவை இங்கே இருக்காது. கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் அவர்கள் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தாய்" என்று ஆரம்பிக்க, சபை "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று ஆரம்பிக்கும். அவர்கள் முடித்துவிட்ட இடத்தில் சபை "ராஜ்யமும், வல்லமையும், மகிமையும்" என்று தொடரும். தெரிந்த ஜெபத்திலேயே தனித்துப் போகிற சங்கடம் அது. முழு ஜெபத்தையும் திரையில் போடச் சொன்னவர் யாரோ, அவருக்கு எங்கள் வணக்கம்.

காணிக்கை நேரத்தில், "விருந்தினர்கள் கொடுக்க வேண்டியதில்லை, பையை அப்படியே அடுத்தவரிடம் தாருங்கள்" என்று அறிவிக்கிறவருக்கு நன்றி. இதைப் பை சுற்ற ஆரம்பித்த பிறகு சொன்னால் பயனில்லை. முதல் வரிசையில் இருப்பவர் அதற்குள் பணப்பையைத் துழாவிக்கொண்டிருப்பார்.

திருவிருந்து இதைவிட நுணுக்கமானது. யார் பங்குபெறலாம் என்பதில் சபைக்குச் சபை வேறுபாடு உண்டு. சிலர் இயேசுவை விசுவாசிக்கிற எவரும் என்பார்கள், சிலர் ஞானஸ்நானம் பெற்றவர் மட்டும் என்பார்கள், சிலர் தங்கள் சபை அங்கத்தினர் மட்டும் என்பார்கள். எதுவானாலும் தட்டு வரும் முன்பே, யாரையும் சுட்டாமல், தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் அப்படித்தான் செய்கிறீர்கள். எடுக்காமல் தட்டைக் கடத்துகிறவரை நிமிர்ந்து பார்க்காமல் வாங்கி நகர்கிறீர்களே, அந்தக் கண்ணியம் அவர்களுக்கு மறக்காது. முன்னால் போய் வாங்கும் முறை என்றால், வரிசையில் உட்கார்ந்தே இருக்கிறவரைத் தாண்டிப் போக மற்றவர்களுக்கு வழி காட்டுகிறீர்கள். கிண்ணத்தில் இருப்பது திராட்சை ரசமா, புளிக்காத சாறா என்று சொல்வதும் அவசியம். குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவருக்கு அது சாதாரணக் கேள்வி அல்ல. பதப்படுத்திய புளிக்காத சாறு 1869-ல் தாமஸ் வெல்ச் செய்ததிலிருந்து பல சபைகளில் இடம் பிடித்தது. மூடி ஒட்டிய சின்னக் கிண்ணங்களில் இரண்டு அடுக்கு உண்டு. மேலே உள்ள மெல்லிய தாளை மட்டும் உரித்தால் அப்பம், கீழே உள்ள தடித்த தாளை உரித்தால் சாறு. இரண்டையும் சேர்த்து இழுத்தால் சாறு மடியில் கொட்டும். எல்லாரும் ஒன்றாகப் பங்குபெறும் சபையில், வாங்கியதும் வாயில் போட்டுவிடாமல் காத்திருக்க வேண்டும் என்பதையும் நீங்கள் சொல்லித்தான் ஆக வேண்டும். கோதுமை ஒவ்வாதவர்களுக்குத் தனித் தட்டு வைத்து, மற்ற அப்பத்தின் துகள் படாமல் பார்த்துக்கொள்கிற அக்காவை நாங்கள் கவனித்தோம்.

இரட்சிப்பு, மறுபடியும் பிறத்தல், அபிஷேகம் போன்ற சொற்களைப் பிரசங்கத்தில் முதன்முறை சொல்லும்போதே அர்த்தமும் சொல்லிவிடுகிற போதகர்களுக்கும் நன்றி.

பிரசங்கத்தின் முடிவில் வரும் அழைப்பு, இந்த ஆராதனையின் இதயம் என்று பலர் கருதுவது. விசுவாசத்தை வெளிப்படையாக அறிக்கையிட முன்னே வரச் சொல்கிற இந்த முறையை, 1830-களில் சார்லஸ் ஃபின்னி என்ற அமெரிக்கப் பிரசங்கியாரின் கூட்டங்களில் முன்வரிசை இருக்கைக்கு அழைத்த பழக்கம் பரப்பியது. "எல்லாரும் கண்ணை மூடுங்கள்" என்றால் புதியவருக்குக் கையை உயர்த்துவதா வேண்டாமா என்ற போராட்டம் ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் முழங்கையால் இடிக்காமல், "போங்களேன்" என்று தள்ளாமல் இருக்கிற ஒவ்வொருவருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். நெருக்கிக் கொண்டுபோன முடிவு திங்கட்கிழமை வரைகூட நிற்காது, வெட்கம் மட்டும் மிஞ்சும். முன்னே வருகிறவரோடு ஜெபிக்கிற குழுவுக்கு இன்னும் அதிக நன்றி. பெண்ணோடு பெண், ஆணோடு ஆண், மற்றவர்கள் பார்க்கிற இடத்தில், தோளில் கை வைக்கும் முன் கேட்டுவிட்டு ஜெபிக்கிறீர்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்வதில்லை. கேட்ட துயரத்தை ஜெபக் குழுவின் வாட்ஸ்அப்பில் போடுவதுமில்லை.

ஞாயிறு பள்ளி ஆசிரியைகளே, பெற்றோர் நிம்மதியாக உட்கார்ந்திருப்பதே உங்களால்தான். குழந்தையின் சட்டையில் ஒரு எண், பெற்றோர் கையில் அதே எண். பொருந்தினால்தான் திரும்ப ஒப்படைப்பீர்கள். அறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள். ஒவ்வாமை உண்டா என்று முதலிலேயே எழுதி வாங்குகிறீர்கள். குழந்தை அழுதால் எண்ணைத் திரையில் காட்டுகிறீர்கள். பிரிய மறுக்கிற குழந்தையை "விட்டுவிட்டுப் போங்கள், பழகிவிடும்" என்று சொல்லாமல், தாயும் கூட இருக்கட்டும் என்று விடுகிறீர்கள்.

ஆசீர்வாதம் முடிந்ததும் முதல் ஐந்து நிமிடங்களில் தெரிந்தவர்கள் தெரிந்தவர்களோடு பேசப் போய்விடுவார்கள், புதியவர் நடைபாதையில் தனியாக நிற்பார். அந்த ஐந்து நிமிடத்தை உங்கள் நண்பர்களுக்குக் கொடுக்காமல் அவருக்குக் கொடுத்தவர்களே, உங்களுக்கு நன்றி. விருந்தினர் அட்டையில் பெயர் மட்டும் எழுதினாலும் வாங்கிக்கொண்டீர்கள். எண் கொடுத்தவரை அந்த வாரத்தில் ஒரே முறை அழைத்தீர்கள், பதில் வராதபோது விட்டுவிட்டீர்கள். "அடுத்த வாரம் கட்டாயம் வர வேண்டும்" என்று வாக்குறுதி வாங்கவில்லை.

கீழே உருண்ட காலிக் கிண்ணங்களைப் பொறுக்கி, நாற்காலிகளை நேராக்கி, மறந்துபோன குடையை வாசலில் எடுத்துவைத்துவிட்டுக் கடைசியாக விளக்கணைத்துப் போகிற உங்களுக்கும் சேர்த்தே இந்த மடல். அடுத்த ஞாயிறும் இரண்டு பேரை அழைத்து வருகிறோம். நடைபாதை ஓரமாக இடம் வையுங்கள்.

இப்படிக்கு,
புதியவர்களோடு வந்து உட்காருகிற நாங்கள்