சேப்பாக்கம் 155-ஐ ஒரு பாடமாக நடத்துங்கள்: கிரிக்கெட் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் பள்ளிகளிலும் அகாடமிகளிலும் பேட்டிங் சொல்லித் தரும் பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம். சச்சின் டெண்டுல்கரின் வீடியோ என்றாலே பிள்ளைகளுக்கு ஸ்ட்ரெய்ட் டிரைவைத்தான் போட்டுக் காட்டுகிறோம். 1998 மார்ச்சில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் ஆடிய இரண்டாவது இன்னிங்ஸையும் பாடமாக நடத்துங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

முதல் இன்னிங்ஸில் அவர் எடுத்தது 4. ஆஸ்திரேலிய லெக் ஸ்பின்னர் ஷேன் வார்னை இறங்கி அடிக்கப் போய், ஸ்லிப்பில் மார்க் டெய்லரிடம் கேட்ச். இந்தியா 71 ரன் பின்தங்கியது. அடுத்த இன்னிங்ஸில் 191 பந்தில் ஆட்டமிழக்காமல் 155. 14 பவுண்டரி, 4 சிக்ஸர். வார்ன் 30 ஓவரில் 122 ரன் கொடுத்து ஒரே ஒரு விக்கெட்தான் எடுத்தார். இந்தியா 179 ரன் வித்தியாசத்தில் வென்றது.

அந்த ஷாட்கள் களத்தில் திடீரென்று பிறந்தவை அல்ல. தொடருக்கு முன்பே முன்னாள் இந்திய லெக் ஸ்பின்னர் லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணனை ரவுண்ட் த விக்கெட்டிலிருந்து (பந்து வீசும் கை ஸ்டம்புக்கு எட்டத்தில் இருக்கும் பக்கம்), லெக் ஸ்டம்புக்கு வெளியே பெயர்ந்துகிடந்த ரஃப்பில் (பவுலர்களின் காலடியில் கரடுமுரடான பகுதி) போடச் சொல்லி சச்சின் சென்னையில் பயிற்சி எடுத்திருந்தார். வார்ன் அங்கேதான் குறிவைப்பார் என்பது அவருக்குத் தெரியும்.

ரஃப்பில் விழும் லெக் பிரேக்கை, அதாவது வலக்கை பேட்ஸ்மேனுக்கு லெக்கிலிருந்து ஆஃப் பக்கம் திரும்பும் பந்தை, பேடால் தடுக்கலாம். லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச் ஆனால் எல்பிடபிள்யூ கிடையாது. ஆனால் ரன்னும் வராது. ஃபீல்டர்கள் நெருங்கி வந்து நிற்பார்கள். ஒரு பந்து பேடைத் தாண்டித் திரும்பினால் காலுக்குப் பின்னால் போல்ட். சச்சின் அதனால்தான் திருப்பத்துக்கு எதிராக மிட்விக்கெட் மேல் அடித்தார். ஆபத்தான ஷாட்தான், சந்தேகமில்லை. அதனாலேயே நெட்டில் பழகாமல் ஆடக்கூடாது.

நம் நெட்களில் குறை இங்கேதான். மேட்டிங்கிலும் செயற்கைத் தரையிலும் ரஃப் உருவாகாது. பையன் ஒரே சீராக எழும் பந்தை அடித்துப் பழகிவிட்டு, மூன்று நாள் ஆட்டத்தின் கடைசி நாளில் திணறுகிறான். மேட்ச் முடிந்த டர்ஃப் பிட்சில் தண்ணீர் விட்டு ரோலர் போடுவதற்கு முன் ஒருநாள் கேட்டு வாங்குங்கள். வலக்கை பேட்ஸ்மேனுக்கு லெக் பக்கம், பாப்பிங் கிரீஸிலிருந்து (பேட்ஸ்மேன் நிற்கும் கோடு) ஆறு முதல் ஒன்பது அடி முன்னால், நடு ஸ்டம்ப் கோட்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளிப் பந்து விழட்டும். வேகப்பந்து வீச்சாளர்களின் ஸ்பைக் தடம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பந்து தாறுமாறாக எழும். ஹெல்மெட் இல்லாமல் யாரையும் நிறுத்தாதீர்கள்.

இந்தப் பந்துக்கு ஆடும் ஸ்வீப்பில் (முட்டியை மடக்கி, மட்டையைக் கிடையாக வீசி லெக் பக்கம் அடிப்பது) தவறு எங்கே நடக்கிறது என்று கவனியுங்கள். முன்கால் லெக் ஸ்டம்ப் கோட்டிலேயே நின்றுவிட்டால் கை எட்டாது. காலைச் சுற்றி போல்டாவதும் அப்போதுதான். பந்து திரும்பி எழுந்த பிறகு மட்டையை வீசினால் டாப் எட்ஜ். விழும் இடத்துக்கு மிக அருகிலேயே, மட்டை மேலிருந்து கீழாக இறங்கி அடிக்க வேண்டும். தலை முன்கால் முட்டிக்கு மேலே நிற்கிறதா பாருங்கள். ரஃப்புக்கு எட்டாத நீளத்தில் விழும் பந்தை ஸ்வீப் செய்யப் போனால் உடனே நிறுத்துங்கள்.

பெரிய பிள்ளைகளுக்கு 2004 சிட்னியையும் காட்டலாம். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே துரத்தி அவுட்டான தொடரில், கவர் டிரைவை மூட்டைகட்டி வைத்துவிட்டு 436 பந்தில் ஆட்டமிழக்காமல் 241 எடுத்தார். சேப்பாக்கத்தில் ஒரு ஷாட்டைச் சேர்த்தார், அங்கே ஒன்றைக் கழித்தார். இரண்டுமே களமிறங்கும் முன் எடுத்த முடிவுகள்.

சீசன் தொடங்கும் முன் வாரத்தில் ஒரு செஷனாவது இதற்கு ஒதுக்குங்கள். அகாடமியில் லெக் ஸ்பின்னர் இல்லையென்றால் இடக்கை ஸ்பின்னரை ஓவர் த விக்கெட்டில் (பந்து வீசும் கை ஸ்டம்புக்கு அருகில் இருக்கும் பக்கம்) போடச் சொல்லுங்கள். வலக்கை பேட்ஸ்மேனுக்குப் பந்து அதே ரஃப்பில் விழுந்து அதே பக்கம்தான் திரும்பும்.

அன்புடன்,
சென்னை கிரிக்கெட் ரசிகர்கள் சிலர்