தோட்டாவை எப்படிக் கடித்தார்கள்? அகராதி தொகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆங்கில–தமிழ் அகராதித் தொகுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் 1857 கிளர்ச்சிப் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். சிப்பாய்கள் தோட்டாவைப் பல்லால் கடிக்க வேண்டியிருந்தது என்ற வரியில் நின்றுவிட்டாள். "பல்லு உடைஞ்சிடாதாப்பா?" என்றாள். நியாயமான கேள்வி. வீட்டிலிருந்த அகராதியில் 'கார்ட்ரிட்ஜ்' என்ற சொல்லைத் தேடினோம். 'தோட்டா' என்று மட்டும் போட்டிருந்தது.

விடை அந்த ஆங்கிலச் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. இத்தாலிய மொழியில் 'கார்ட்டா' என்றால் காகிதம், 'கார்ட்டோச்சோ' என்றால் காகிதச் சுருள். அது பிரெஞ்சில் 'கார்ட்டூஷ்' ஆகி, 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து கார்ட்ரிட்ஜ் ஆனது. இதற்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: பொட்டலம்.

கடலைப் பொட்டலம் மடிக்கிற மாதிரிதான். ஒரு தடவை சுடுவதற்கான வெடிமருந்தையும் ஈயக் குண்டையும் காகிதத்தில் சுருட்டி, முனையை முறுக்கி வைத்திருப்பார்கள். ஒரு கை துப்பாக்கியைப் பிடித்திருக்கும். அதனால் சிப்பாய் பொட்டலத்தின் முனையைப் பல்லால் கிழித்து, மருந்தைக் குழலின் வாயில் கொட்டுவார். அப்புறம் குண்டைப் போட்டு, நீளக் கம்பியால் அடிவரை இடிப்பார். 1853 மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கிக்கு வந்த பொட்டலத்தின் காகிதத்தில் கொழுப்பு தடவியிருந்தது. அது பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு பரவியது. வாயில் வைக்க வேண்டிய பொருளாயிற்றே, கொதிக்காமல் இருப்பார்களா? 1857 ஏப்ரல் 24 அன்று மீரட்டில், கையால் கிழித்தால் போதும் என்று சொன்ன பிறகும், 85 குதிரைப்படை வீரர்கள் பொட்டலத்தை வாங்க மறுத்தார்கள். இது காகிதம் என்று தெரியாத குழந்தைக்கு அந்தப் பாடம் எப்படிப் புரியும்?

படம் வரையும் கெட்டித் தாளுக்குக் கார்ட்ரிட்ஜ் பேப்பர் என்று பெயர் வந்ததும் இதனால்தான்; பொட்டலம் சுருட்டப் பயன்பட்ட தாள் அது. எகிப்தியக் கல்வெட்டுகளில் அரசர் பெயரைச் சுற்றியிருக்கும் நீள்வட்டத்தை 'கார்ட்டூஷ்' என்கிறார்கள். 1798இல் நெப்போலியனோடு போன பிரெஞ்சு வீரர்களுக்கு அது தங்கள் இடுப்புப் பையிலிருந்த பொட்டலம் போலத் தெரிந்ததால் வைத்த பெயர். நம் கடைகளில் கேட்கிற சார்ட் பேப்பரின் 'சார்ட்' கூட இதே வேரில் வந்ததுதான்.

அடுத்த பதிப்பில் 'தோட்டா'வுக்கு முன்னால் ஒரு வரி சேருங்கள்: 'வெடிமருந்தும் குண்டும் சுருட்டிய காகிதப் பொட்டலம் (பழைய பொருள்)'. எங்கள் வீட்டுப் பிரதியில் மகள் பென்சிலால் எழுதிவிட்டாள்.

அன்புடன்,
ஒரு மாணவியின் அப்பா