நிறுத்தும் வழியையும் அந்தச் சீட்டிலேயே எழுதுங்கள்

எலும்பு முறிவு மருத்துவர்களுக்கு,

வணக்கம். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறேன். வயது 41. சுமார் இரண்டரை வருடத்துக்கு முன்பு சாத்தூர் ரோட்டில் பைக் சறுக்கி விழுந்து, வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, அடுத்த மாதம் கம்பியை எடுத்துவிடலாம் என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தேதிக்குள் வலி மாத்திரையைப் பற்றி உங்களிடம் பேசியாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எனக்கு வைத்தியம் பார்த்தவரிடம் மட்டும் சொல்லி முடிகிற விஷயமாக இருந்தால் நேரிலேயே சொல்லியிருப்பேன்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது பாரசிட்டமாலோடு டிரமடால் சேர்ந்த மாத்திரை எழுதினார்கள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, 10 நாளைக்கு. அது தேவைப்பட்டது. கட்டிலை விட்டுக் காலை முதல் தடவை கீழே தொங்கப்போட்டபோது வந்த வலி இன்னும் நினைவிருக்கிறது. அதை அடக்கிய மாத்திரையைத் திட்ட எனக்கு வாய் வராது. மறுபரிசோதனைக்குப் போனேன். "வலி இருக்கா?" "இருக்கு சார்." "சரி, அதையே கன்டினியூ பண்ணுங்க." மூன்று தடவை இப்படி. நான்காவது தடவை, இப்போதெல்லாம் அது கேட்கிறதே இல்லை என்றேன். அதைவிடப் பலமான டேபென்டடால் என்கிற வலி மாத்திரையை எழுதினார். அப்புறம் டாக்டரிடம் போக வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. பழைய சீட்டைக் காட்டினால் மெடிக்கலில் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் சீட்டையும் கேட்கவில்லை.

மொத்தம் 14 மாதம். கடைசியில் ஒரு நாளைக்கு ஐந்து மாத்திரை. கால் வலிக்காகப் போட்டது, காலண்டர் சீசனில் ராத்திரி ஷிஃப்ட் நிற்பதற்காகப் போடுவதாக எப்போது மாறியது என்று யோசித்துப் பார்த்தும் பிடிபடவில்லை. இது அபின் வேலை செய்கிற அதே இடத்தில் மூளையில் போய் வேலை செய்கிற மருந்து, பழகிய பிறகு திடீரென்று நிறுத்தக்கூடாது என்று ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை. தலைவலி மாத்திரைக்கு அண்ணன் மாதிரி ஏதோ ஒன்று என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தெரிந்துகொண்டது ஒரு வெள்ளிக்கிழமை. மாத்திரை தீர்ந்துவிட்டது. சரக்கு திங்கட்கிழமைதான் வரும் என்றார் கடைக்காரர். சரி, கால்தான் தேறிவிட்டதே, இதோடு விட்டுவிடலாம் என்று வீட்டுக்கு வந்தேன்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து கொட்டாவி. ஒவ்வொரு கொட்டாவிக்கும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. மூக்கு ஒழுகியது. மத்தியானம் கை முழுக்க மயிர்க்கூச்செறிந்து, இறகு பிடுங்கிய கோழித்தோல் மாதிரி ஆனது. மே மாதம், சிவகாசி வெயில், நான் போர்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்கினேன். அடுத்த நிமிடம் வேர்த்தது. வயிற்றைப் பிடுங்கிக்கொண்டு போக ஆரம்பித்தது. இதையெல்லாம்கூடத் தாங்கலாம். கால்களைத்தான் தாங்க முடியவில்லை. முட்டிக்குள்ளே யாரோ உட்கார்ந்துகொண்டு நரம்பைச் சுண்டுகிற மாதிரி இருக்கும், உதறினால் அரை நிமிடம் விடும், மறுபடி சுண்டும். படுக்கவும் முடியாது, நிற்கவும் முடியாது. மூன்றாம் நாள் இரவு குளியலறைத் தரையில் கிடந்தேன். வெந்நீர் மேலே விழுகிறவரைக்கும் கால் சும்மா இருந்தது. வாளி காலியானதும் பழையபடி ஆரம்பித்தது. என் மனைவி விடிய விடிய ஐந்து தடவை வெந்நீர் வைத்துக் கொண்டுவந்தாள். "என்னங்க இது, சாதாரணக் காய்ச்சல் மாதிரி தெரியலையே" என்றாள். எனக்கும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை காலை கடை திறக்கிறதற்கு முன்பே போய் வாசலில் நின்றேன். போட்டு ஒரு மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. தட்டில் வைத்த இட்லியைச் சாப்பிட்டேன்.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் டாக்டர், மாத்திரை என்னை முழுசாகப் பிடித்தது. அதுவரை அது எனக்குத் தேவை என்று நினைத்திருந்தேன். அன்றிலிருந்து அது இல்லாமல் போய்விடுமோ என்கிற பயம் வந்துவிட்டது. சட்டைப் பையில், வண்டி சீட்டுக்கடியில், மிஷின் டூல்ஸ் பெட்டியில் என்று மூன்று இடத்தில் அட்டை வைத்திருந்தேன்.

இது ஏன் நடக்கிறது என்பதைப் பின்னால் ஒரு மனநல மருத்துவர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். உடம்பை உஷாராக வைப்பதற்கென்றே மூளைத் தண்டில் ஒரு சின்ன இடம் இருக்கிறதாம். மாத்திரை மாதக்கணக்கில் அதை அமுக்கி வைக்கிறது. அதை மீறி உடம்பை விழிப்பாக வைக்க அந்த இடமும் தன் பலத்தைக் கூட்டிக்கொண்டே வருகிறது. ஒரே நாளில் கையை எடுத்தால், அமுக்கிய ஸ்பிரிங் எகிறுகிற மாதிரி எகிறுகிறது. வேர்வை, படபடப்பு, மயிர்க்கூச்சம் எல்லாம் அதனால்தான். ஒரு நாளுக்குள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் பெரும்பாலும் இறங்கிவிடும் என்றார். சும்மா கிடந்த உடம்பு இல்லை, கணக்கு வைத்துத்தான் கஷ்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்ததே எனக்குப் பாதி மருந்து. இதை முதல் மாதமே நீங்கள் சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

மனநல மருத்துவரிடம் போகும் முன்பு, மாத்திரையை முதலில் எழுதிய இடத்துக்குத்தான் போனேன். எத்தனை போடுகிறேன் என்று உண்மையைச் சொன்னேன். "உடனே நிறுத்திடுங்க. இங்க இனிமே எழுத மாட்டோம்" என்றார்கள். முகமே மாறிவிட்டது. உள்ளே போகும்போது கால் முறிந்த நோயாளி, வெளியே வரும்போது போதை ஆசாமி. அன்று சாயங்காலம் வழக்கத்தைவிட இரண்டு கூடப் போட்டேன்.

நீண்ட நாள் இந்த மருந்தில் இருப்பவருக்குத் திடீரென்று நிறுத்தினால் தாங்க முடியாத வலியும், தற்கொலை எண்ணமும் வரலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2019 ஏப்ரலிலேயே மருத்துவர்களை எச்சரித்தது. ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கு மாதம் 10 சதவீதம், அல்லது அதைவிட மெதுவாகக் குறைக்கலாம் என்று அந்த நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-இல் வழிகாட்டியது. நமக்கு இங்கே இந்தப் பழக்கம் புதிதும் இல்லை. 2018-இல் மத்திய அரசு டிரமடாலைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2019-இல் வெளியான தேசிய ஆய்வில், அபின் வகைப் பொருள்களால் உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் சுமார் 77 லட்சம் பேர் என்று கணக்குச் சொன்னார்கள். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிற பையன்களைப் போலீஸ் பிடித்த செய்தியை வாரம்தோறும் படிக்கிறோம். அவர்களையும் என்னையும் வேறு வேறு சாதி மாதிரி பார்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்களைப் பிடித்தது ஒரே மருந்துதான்.

என்னைக் காப்பாற்றியது அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. ஐந்திலிருந்து நான்கரை, நான்கு என்று என் உடம்பைப் பார்த்துப் பார்த்துக் குறைத்தார்கள். ஐந்து மாதம் ஆனது. மாத்திரை என் மனைவி கையில். ஒரு 40 பக்க நோட்டில் தேதி, நேரம், எத்தனை என்று எழுதிக் கொடுப்பாள். படபடப்புக்கும் வேர்வைக்கும் குளோனிடின் கொடுத்தார்கள். அது பிரஷரை இறக்கும் என்பதால், நர்ஸம்மா ஒவ்வொரு தடவையும் பிரஷர் பார்த்த பிறகுதான் தருவார். வயிற்றுக்கு மருந்து, உப்புச் சர்க்கரைக் கரைசல். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஊசிப் பழக்கம் இருந்த தம்பிக்கு நாக்குக்கடியில் வைக்கிற பியூப்ரநார்பின் கொடுத்தார்கள். அதுவும் அபின் வகைதான், ஆனால் இந்தப் பழக்கத்திலிருந்து மீட்கக் கொடுக்கிற மருந்து. அதை உலக சுகாதார நிறுவனம் 2005-இலேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஒரு போதைக்கு இன்னொரு போதையா என்று அவனுடைய அப்பா வார்டில் சத்தம் போட்டார். அவருக்குப் பதில் சொல்ல உங்களைப் போன்ற ஒருவர் முன்பே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உடம்பு ஒரு வழியாகத் தேறியது. அதற்கு அப்புறம் வருகிற ஏக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. நிறுத்தி இப்போது ஒன்பது மாதம். முதல் மூன்று மாதம் எதிலும் ருசி இல்லை. பிள்ளை பள்ளியில் பரிசு வாங்கிவந்தாள், சிரித்தேன், உள்ளே ஒன்றும் அசையவில்லை. தூக்கம் துண்டு துண்டாக வந்தது. மழை பெய்தால் கம்பி வைத்த இடம் கடுக்கும், உடனே மனம் மாத்திரைக்குப் போய்விடும். ஒரு ராத்திரி என் மனைவி சமையலறையில் தன்னுடைய கால்சியம் மாத்திரையை அட்டையிலிருந்து அழுத்தி எடுத்தாள். அந்த 'பட்' என்கிற சத்தம். தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன், வாயில் கசப்பு ஊறுகிறது. அன்றிலிருந்து அவள் மாத்திரைகளை மொத்தமாகப் பிரித்து ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொள்கிறாள்.

இதைச் சமாளிக்க நான் கற்றுக்கொண்டது கொஞ்சம்தான். ஏக்கம் அலை மாதிரி ஏறும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். அந்த அரை மணிக்குத் தனியாக இருக்கக்கூடாது. பசியோடு இருந்தால் இரண்டு மடங்கு வரும், அதனால் பையில் கடலைமிட்டாய் வைத்திருக்கிறேன். அந்த மெடிக்கல் இருக்கிற தெரு வழியாக வேலைக்குப் போவதில்லை, சுற்றிப் போகிறேன். "வருது" என்று மனைவிக்குப் போன் செய்வேன், அவ்வளவுதான் சொல்வேன், அவள் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள்.

உயிர் போகிற விஷயம் ஒன்று உண்டு. நிறுத்தின பிறகு உடம்பு பழைய அளவைத் தாங்காது. ஏக்கத்தில் ஒரு நாள் பழையபடி மொத்தமாகப் போட்டால் மூச்சு நின்றுவிடலாம். நிறுத்துங்கள் என்று சொல்கிறவர், இதையும் சேர்த்துச் சொல்லாமல் அனுப்பவே கூடாது. வீட்டில் உள்ளவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

போலீஸ் பயத்தால் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காதவர்கள் நிறைய. சொந்த உபயோகத்துக்காகவோ சிறிய அளவுக்காகவோ வழக்கில் மாட்டியவர், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முழுசாக எடுத்தால் அந்த வழக்கிலிருந்து விலக்கு உண்டு என்று போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு சொல்கிறது. 14446 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம். இந்த இரண்டையும் ஒரு அட்டையில் அச்சடித்து உங்கள் மேஜையில் வையுங்கள். அச்சடிக்கிற வேலையை நானே செய்து தருகிறேன்.

இதைப் படித்துவிட்டு வலி மருந்தே எழுதாமல் விட்டுவிடாதீர்கள். என் பெரியம்மா புற்றுநோயில், போதுமான மருந்து கிடைக்காமல், கத்திக்கொண்டே போய்ச் சேர்ந்தவர். கடும் வலிக்குக் கொடுக்கிற அபின் வகை மருந்தான மார்பின் கிடைப்பதை எளிதாக்க 2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது என்றால், எத்தனை பேர் அப்படிப் போயிருப்பார்கள். வேண்டியவருக்கு வேண்டிய மருந்தைக் கொடுங்கள். எத்தனை நாள், எப்படிக் குறைப்பது, எந்தத் தேதியில் முடிப்பது, முடியாவிட்டால் யாரிடம் வருவது, இதையெல்லாம் அதே சீட்டில், தமிழில், எழுதிக் கொடுங்கள். கஷ்டப்படுகிறேன் என்று திரும்பி வருகிறவரை வெளியே அனுப்பாதீர்கள்.

அடுத்த மாதம் நான் வருவேன். கம்பியை எடுத்தால் வலி இருக்கும் என்று தெரியும். பாரசிட்டமாலில் அடங்கினால் சந்தோஷம். அடங்காவிட்டால் இரண்டு மூன்று நாளைக்கு அந்த மருந்தே தேவைப்படலாம், அதற்கும் தயாராகத்தான் வருகிறேன். என் கையில் மட்டும் கொடுக்காதீர்கள். வெளியே பெஞ்சில் நோட்டோடு என் மனைவி உட்கார்ந்திருப்பாள். அவளை உள்ளே கூப்பிட்டு, எண்ணி, அவள் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளி ஒருவன்,
சிவகாசி